நூறு கிராம்

வியாழனில் நாவாந்துறை ஒழுங்கைக்குள் வருவது இரண்டு பேர்.
நான் ஒன்று,
லோன்காரப் பொடியன் மற்றது.
இருவரிடமும் ஸ்கூட்டி, இருவரிடமும் பெயர்ப் பட்டியல்.
அவனுக்குச் சாத்தும் படலை எனக்குத் திறக்கும்.
தடுப்பூசி நாளென்றால் எனக்கும் சாத்தும்.

சனசமூக நிலையத்து வளையில் தராசைக் கொழுவுகிறேன்.
கரையில் திருக்கை நிறுக்கிற தராசின் தங்கச்சிதான் இது,
கொக்கியில் மட்டும் நீலத்துணிக் காற்சட்டை.
பிள்ளைகள் அதுக்குள் தொங்கிக் காலை உதறும்,
முள்ளு நடுங்கும்.
அது ஓயும்வரை
கூடத்தில் ஒரு தாயும் மூச்சு விடமாட்டாள்.

சுவரில் நான் ஒட்டிய படம்:
ஒரு கோப்பை, அதில் ஐந்து நிறம்.
கரட், முருங்கையிலை, முட்டை, பப்பாப்பழம், ஒரு துண்டு மீன்.
"அது பாரை, மிஸி" என்றாள் பின்வாங்கிலிருந்து திரேசம்மா,
"இண்டைக்கு ஏலத்தில என்ன விலை போனது தெரியுமே?
என்ர மனுசன் பிடிச்சது.
நான் படத்திலதான் பாக்கிறன்."
சிரிப்பு. நானும் சிரித்தேன்.
பிறகு, சவர்க்காரம் போட்டு இருபது எண்ணும்வரை கைகழுவச் சொன்னேன்,
பைப்பில் தண்ணீர்
காலமை ஒரு மணித்தியாலம் மட்டும் வரும் ஒழுங்கைக்கு.
எண்ணிக் காட்டினேன். பிள்ளைகளும் சேர்ந்து எண்ணினார்கள்.
பதின்மூன்றை இரண்டு தரம் சொன்னார்கள்.

மெற்றில்டா கடைசியாக வந்தாள்.
ஜெருசாவுக்குப் பதினாறு மாதம்.
ஐப்பசியில் அவளுடைய கோடு செம்மஞ்சளுக்குள் இறங்கியபோது
திரிபோஷா எழுதினேன், மாதம் இரண்டு பைக்கற்.
இன்று முள்ளு ஏழு தசம் எட்டில் நின்றது.
கோட்டுக்கு மேலே நூறு கிராம்.
"பாரும், ஏறிவந்திட்டாள்!" என்று கைதட்டினேன்.
மற்றத் தாய்மாரும் தட்டினார்கள்.
மெற்றில்டா தட்டவில்லை.

அட்டையை நீட்டும் சாக்கில் கிட்ட வந்தாள்.
"மிஸி, நூறு கிராம் குறைச்சு எழுதேலாதே?"
நான் நிமிர்ந்தேன்.
"கூடினா மா நிண்டிடுமெல்லே."

தெரியும்.
அந்த மா எங்கே போகிறதென்று ஒழுங்கைக்கே தெரியும்.
சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து உருட்டினால்
ஒன்று ஜெருசாவுக்கு,
ஒன்று பள்ளிக்கூடம் போகும் தமையனுக்கு,
ஒன்று, சொப்பிங் பையில் சுற்றி, விடியமுன் கடலுக்கு.
இந்தப் பிள்ளைக்கு மட்டும், பங்கு போடக்கூடாது:
எத்தனை கூடத்தில் சொல்லியிருப்பேன்.
பயிற்சியில் எனக்கு அதைச் சொல்லித்தந்தவர்கள்
மத்தியானச் சாப்பாடு முடித்துவிட்டு வந்திருந்தார்கள்.

தமையன் வாசல்நிலையில் சாய்ந்து நின்றான்.
ஆறு வயது.
நீலக் காற்சட்டையின் இடுப்பை ஊசி குத்தி இழுத்திருந்தது.
ஐந்து தாண்டியவனுக்கு என் பையில் அட்டை இல்லை,
நிறமும் இல்லை.
அவன் தராசைப் பார்க்கவில்லை, என் தேத்தண்ணிக்குத் தந்த
கிறீம் பிஸ்கற்றைப் பார்த்தான்.
கொடுத்தேன். பாதியை உடைத்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

மாதக் கூட்டம் வரும் திங்கள்.
சுவரில் வரைபடம், செம்மஞ்சள் குண்டூசிகள்.
"நாவாந்துறை மட்டும் ஏன் இறங்குதில்லை?" என்பார் பெரியவர்.
இந்த முறை ஒரு குண்டூசி கழற்றலாம் என்று இருந்தேன்.

"உடுப்போட நிறுத்தது பிழை" என்றேன், கூடத்துக்கே கேட்க,
"கழட்டிப்போட்டு இன்னொருக்கா வையும்."
அது விதிதான். கைநூலில் இருக்கிறது.
சட்டை கழன்றது, ஈரத்துணி கழன்றது,
கழுத்திலிருந்த மாதா பதக்கமும்.
ஜெருசா வெறும் மேலோடு தொங்கி
என் பேனையைப் பிடிக்க எட்டினாள்.
முள்ளு நடுங்கியது.
அது ஓயமுன் எழுதினேன்.

ஒழுங்கை முடிவில் லோன்காரப் பொடியன்,
வேலி நிழலும் இல்லாத இடத்தில்,
ஹெல்மெற்றைக் கழற்றி விசுக்கிக்கொண்டு.
உதடு வெடித்திருந்தது.
"மிஸி, மெற்றில்டாக்கா வீட்டில நிக்கிறாவோ?"
தெரியாது தம்பி என்றேன்.
வெயிலுக்குள் நிற்காமல் தண்ணி குடியும் என்றும் சொன்னேன்.